தலைப்பெழுத்தும் பதிவு எண்ணும்

கல்லூரி திறக்கும் மாதங்களில் கெங்கவல்லி பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டர்களில் உட்கார இடம் கிடைக்காது. ஆத்தூர் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள், சேலம் பக்கம் இன்ஜினியரிங் சேர்ந்தவர்கள், பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டுக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து நிற்பார்கள். சீட்டில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் இருக்கும்.

அப்படி ஒரு நாள் எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் நின்றார்கள். அப்பா மரவள்ளிக் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். கால் விரல்களில் செம்மண் காயவில்லை. சீட்டில் இருந்த 12 இலக்கங்களை அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் தட்டினாள். முதல் முறை தவறு. இரண்டாம் முறையும் தவறு. நடுவில் அடுத்தடுத்து வந்த மூன்று ஒன்றுகளில் ஒன்றை அவர் விட்டுவிட்டிருந்தார். மூன்றாம் முறை திறந்தது. திரையில் வரவேற்புச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது அவருடைய பெயர்.

"என்ன பாப்பா, என் பேரு வருது?" என்றார்.

"இனிஷியல விரிச்சு எழுதச் சொன்னாங்கப்பா. அதான் மொதல்ல வருது."

அவர் ஒன்றும் பேசவில்லை. படிக்கப் போகிறவள் அவள். அவளுடைய பெயர் திரையில் எங்கேயும் இல்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்குக் கணினிக் கணக்கு திறக்கும்போது அந்தக் கணக்கை எப்படி அழைப்பது என்ற கேள்வியைக் கணினித் துறைக்காரர்கள் தங்கள் வேலையாக மட்டுமே பார்த்துவந்திருக்கிறார்கள். அது பெயரைப் பற்றிய கேள்வி என்பதால், நம் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. உலகத்தில் இதற்கு என்னென்ன வழிகள் நடைமுறையில் இருக்கின்றன, அவற்றில் எது நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஒரு கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தத் தொடங்கியபோதுதான் லாகின் என்ற வழக்கமே வந்தது. 1969-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸில் கென் தாம்சனின் கணக்கு 'கென்'. டென்னிஸ் ரிச்சி தன் மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்து 'டிஎம்ஆர்' என்று வைத்துக்கொண்டார். ஒரே அறையில் வேலை பார்த்த சிலருக்கு அது போதும். அதிகபட்சம் எட்டு எழுத்து என்ற அந்தக் காலத்துக் கட்டுப்பாடு மட்டும் பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் இன்றைக்கும் மாணவர்கள் மூன்று முதல் எட்டு எழுத்துக்குள் ஒரு பெயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 'மணிகண்டன்' என்பதை ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள் அடக்கினால் கடைசி 'அன்' விழுந்துவிடும். 'சுப்பிரமணியன்' பாதியில் நின்றுவிடும். குறுகிய பெயர்கள் உள்ள ஊரில் செய்த அளவுகோல் அது.

பெயரை அடிப்படையாகக் கொள்ளும் முறைகளில் மிகப் பரவலானது, முதற்பெயர், புள்ளி, குடும்பப்பெயர் என்பது. பார்க்க அழகாக இருக்கும். மின்னஞ்சலைப் பார்த்தாலே யார் என்று தெரியும். ஆனால் எல்லோருக்கும் குடும்பப்பெயர் உண்டு என்ற நினைப்பின் மேல் கட்டப்பட்டது அது. நமக்கு இல்லை. நமக்கு இருப்பது தலைப்பெழுத்து. அப்பாவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து, சிலருக்கு ஊரின் பெயரிலிருந்து இன்னோர் எழுத்து.

குடும்பப்பெயர் இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. அடுத்த இரண்டு தலைமுறைகளில் தமிழ்நாட்டில் அது பெருமளவுக்கு நடந்தும்விட்டது. வட மாநிலங்களில் ஒருவர் பெயரைக் கேட்டதும் பின்னொட்டை வைத்துச் சாதியை ஊகிக்க முடிகிற மாதிரி இங்கே எளிதில் முடிவதில்லை. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளுக்காக 1997-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அந்த இயக்கத்தை நடத்தியவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 'சர்நேம்' என்று ஒரு கட்டத்தைப் போட்டு, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாத ஒரு மென்பொருள், அவ்வளவு பாடுபட்டு அடைந்த ஒன்றை ஒரு நொடியில் இல்லை என்கிறது. பிள்ளைகள் வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அங்கே எழுதுகிறார்கள். பான் அட்டையிலும் இதே கதைதான். பெயர் முழுவதையும் பாஸ்போர்ட்டின் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்களின் விசாவில், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அந்த மூன்று எழுத்து அங்கிருந்து பல்கலைக்கழகப் பதிவேட்டுக்கும் போய், சிலருக்கு அதுவே பெயராகிவிடுகிறது. மலேசியத் தமிழருக்கு வேறு தொல்லை. அவர்கள் பெயரின் நடுவில் வரும், 'மகன்', 'மகள்' என்பதைக் குறிக்கும் சாய்கோட்டைப் பல மென்பொருள்கள் ஏற்பதில்லை.

சரி, அவர்கள் முறையை விட்டுவிட்டு நம் முறைப்படி, தலைப்பெழுத்தையும் பெயரையும் சேர்த்து யூசர்நேம் வைக்கலாமே என்று தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வைத்தேன். ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டபோது, 60 பேர் கொண்ட வகுப்பில் மூன்று மணிகண்டன்கள் இருந்தார்கள். ஒருவனுடைய அப்பா மாரிமுத்து, இன்னொருவனுக்கு முருகேசன், மூன்றாமவனுக்கு மேகநாதன். தமிழ் வருகைப் பதிவேட்டில் மா. மணிகண்டன், மு. மணிகண்டன், மே. மணிகண்டன் என்று மூன்று வேறு ஆட்கள். ஆங்கிலத்தில் மூவரும் 'எம். மணிகண்டன்'. ஒருவனுக்கு 1, இன்னொருவனுக்கு 2 என்று பின்னால் ஒட்டினோம். அடுத்த ஆண்டு நான்காவது மணிகண்டன் வந்தான்.

இதை நான் வெறும் தற்செயலாக அப்போது எடுத்துக்கொண்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஆங்கிலத் தலைப்பெழுத்துக்கு இருப்பது 26 வாய்ப்பு. தமிழ்ச் சொல்லின் முதலில் வரக்கூடிய எழுத்துகளைத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. உயிர் 12. க, த, ந, ப, ம என்ற ஐந்தும் பன்னிரண்டு உயிரோடும் வரும், அது 60. சகரம் ஒன்பது உயிரோடு, வகரம் எட்டோடு, ஞகரம் மூன்றோடு, யகரம் ஆகாரத்தோடு மட்டும். ஆக, குற்றியலுகரத்தை விட்டுவிட்டாலே 93. இன்றைய பெயர்களில் வரும் ஜ, ஸ, ஹ, ர, ல ஆகியவற்றையும் சேர்த்தால் நூற்றைத் தாண்டிவிடும். நம் தலைப்பெழுத்து ஆட்களைப் பிரித்துக் காட்டுவதில் ஆங்கில முதலெழுத்தை விடப் பல மடங்கு கூர்மையானது. அதை ஆங்கிலத்துக்கு மாற்றும் கணத்தில் அந்தக் கூர்மை மழுங்கிவிடுகிறது. பழனி, பெரியசாமி, பொன்னுசாமி மூவரின் பிள்ளைகளுக்கும் ஒரே 'பி'. 2021-ன் இறுதியில் தமிழ்நாடு அரசு, பள்ளியிலிருந்து கல்லூரி வரை தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டபோது அதைச் சிலர் வெறும் மொழிப்பற்றாகப் பேசினார்கள். பதிவேடு வைத்துப் பழகியவர்களுக்கு அதில் உள்ள நடைமுறை நன்மை உடனே தெரிந்திருக்கும்.

பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சிலும் தமிழ் எழுத்திலும் கெங்கவல்லி. சட்டமன்றத் தொகுதியின் ஆங்கிலப் பெயரைப் படித்தால் கங்கவல்லி. கடைப் பலகைகளில் இரண்டும் கலந்து வரும். ஆத்தூரை ஒற்றை 'டி' போட்டும் இரட்டை 'டி' போட்டும் 'எச்' சேர்த்தும் எழுதுகிறார்கள். ஊருக்கே இந்த நிலை என்றால் ஆளுக்குச் சொல்ல வேண்டாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, சாதிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. ழகரம் ஒரு தாளில் இரண்டு ஆங்கில எழுத்தாகவும் அடுத்த தாளில் ஒன்றாகவும் இருக்கும். இந்த எழுத்துவேறுபாட்டால் உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வராமல் அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரையே எடுத்து யூசர்நேமாக ஆக்கினால், எந்தத் தாளில் உள்ள பெயர்?

பெயர் மாறவும் செய்யும். கல்யாணம் ஆனதும் அப்பாவின் எழுத்துக்குப் பதில் கணவரின் எழுத்து வருகிறது. முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கும் பெண்களுக்கு இது படிப்பின் நடுவிலேயே நடக்கிறது. அம்மாவின் பெயரைத் தலைப்பெழுத்தாக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, திருநங்கை, திருநம்பி மாணவர்கள். தமிழ்நாடு 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம். 2014-ல் உச்ச நீதிமன்றம் தங்கள் பாலினத்தைத் தாங்களே சொல்லும் உரிமையை உறுதிசெய்தது. அரசிதழில் பெயர் மாற்றிக்கொண்டு வந்த ஒருவர், ஒவ்வொரு நாள் காலையும் லேபில் உட்கார்ந்து தான் விட்டுவந்த பழைய பெயரைத் தட்டித்தான் உள்ளே போக முடியும் என்றால், அதை ஒரு தொழில்நுட்பக் குறை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் நம் நிறுவனங்கள் பெயரை விட்டு எண்ணுக்குப் போயின. சென்னை ஐஐடியில் ரோல் நம்பரே லாகினும் மின்னஞ்சலும். துறைக்கு இரண்டு எழுத்து, சேர்ந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம், பட்டத்துக்கு ஓர் எழுத்து, கடைசியில் வரிசை எண் மூன்று இலக்கம். 2011-ல் கணினி அறிவியல் பி.டெக். சேர்ந்த முதல் ஆள் சிஎஸ்11பி001. டெல்லி ஐஐடியும் திருச்சி என்ஐடியும் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியும் இதே வழியில் வேறு வேறு வடிவம் வைத்திருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பதிவு எண் 12 இலக்கம்: கல்லூரிக்கு நான்கு, ஆண்டுக்கு இரண்டு, பாடப்பிரிவுக்கு மூன்று, வரிசைக்கு மூன்று. பாடப்பிரிவில் 104 என்றால் கணினி அறிவியல், 106 மின்னணுவியல், 114 இயந்திரவியல். எங்கள் ஊரில் டிஎன் 77 என்று வண்டியில் பார்த்தால் ஆத்தூர் வண்டி என்று சின்னப் பையனும் சொல்வான். அதுபோல இந்த எண்ணைப் பார்த்ததும் எந்தக் கல்லூரி, எந்த வருடம், எந்த பிராஞ்ச் என்று ஓர் ஆசிரியர் சொல்லிவிடுவார்.

அந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். ஒருவருக்கு ஒன்றுதான். ஹால் டிக்கெட்டிலும் விடைத்தாளிலும் எழுதி எழுதி மாணவருக்கு மனப்பாடமாகியிருக்கும். சாதி, மதம், ஊர் எதுவும் அதில் தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் கணக்கு திறக்க வேண்டிய அலுவலருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனாலும் இந்த எண்ணில் விஷயம் அதிகம் அடங்கியிருக்கிறது. எண்ணுக்குள் செய்தியை வைத்தால், அந்தச் செய்தி பொய்யாகும் நாள் ஒன்று வந்தே தீரும். முதலாண்டு முடிவில் பிராஞ்ச் மாறுகிறவர்கள் உண்டு. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாகிறவர்கள் உண்டு. அதே இடத்தில் இளங்கலை முடித்து முதுகலை சேர்ந்தால் புது எண், புது லாகின். பழைய மின்னஞ்சலும் கோப்புகளும் அந்தப் பக்கம் நின்றுவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு ஆகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் யூசர்நேமின் முதல் நான்கு எழுத்து கல்லூரியையோ துறையையோ குறிக்கும், பின்னால் நான்கு இலக்கம். அங்கும் இதே சிக்கலுக்கு இடம் உண்டு. இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண் இன்னும் தெளிவான பாடம். பிறந்த ஆண்டும், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதும் அதில் இருந்தன. பெண் என்றால் நாளோடு 500 கூட்டினார்கள். எண்ணைக் கேட்ட எவருக்கும் வயதும் பாலினமும் தெரிந்துவிடும், மாற்றவும் முடியாது. நம் ஆதாரை வடிவமைத்தவர்கள் இதற்கு நேர் எதிராகப் போனார்கள். அந்த 12 இலக்கங்களில் மாநிலமோ வயதோ எதுவும் இல்லை. எண்ணில் பொருள் இருக்கக் கூடாது என்பதையே விதியாக வைத்தார்கள். ஆதாரைப் பற்றி வேறு எத்தனையோ சச்சரவு உண்டு. இந்த ஒரு முடிவு சரியானது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் அந்த எண்ணையே கல்லூரி லாகினாக்க யாரும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல காலம் சமூகப் பாதுகாப்பு எண்ணையே மாணவர் எண்ணாக வைத்து, மதிப்பெண் பட்டியலில்கூட ஒட்டி, அடையாளத் திருட்டு பெருகிய பிறகுதான் கைவிட்டன.

வரிசை எண்ணில் இன்னோர் ஆபத்து, அடுத்தவருடையதை ஊகிக்க முடிவது. 001 தெரிந்தால் 060 வரை தெரியும். வகுப்பில் உள்ள எல்லாப் பெண்களின் மின்னஞ்சல் முகவரியையும் வெளியில் இருக்கும் ஒருவன் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட முடியும். லாகின் ரகசியமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, பாஸ்வேர்டு இருந்தால் போதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நம் ஊர் வழக்கத்தில் முதல் பாஸ்வேர்டு பெரும்பாலும் பிறந்த தேதி. பிளஸ் டூ ரிசல்ட் பார்ப்பதே பதிவு எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்துத்தான். ஒரு வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு வருடங்களுக்குள் பிறந்திருப்பார்கள். மொத்தம் 730 தேதி. அவ்வளவு முயலக்கூட வேண்டாம். பிறந்தநாளன்று வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுத்த, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நண்பர்கள் வாழ்த்துப் போட்ட பெண்ணின் பிறந்த தேதி யாருக்குத் தெரியாது? ஊகிக்கக்கூடிய எண்ணையும் ஊரறிந்த தேதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கணக்கை யாரோ திறந்துவிட்டார்கள் என்று அந்தப் பெண் வந்து அழும்போது அவளிடமே கேள்வி கேட்பது அநியாயம்.

நம் தேர்வுத் துறைக்கு இந்த விஷயம் நன்றாகவே தெரியும் என்பதுதான் எனக்கு வியப்பு. விடைத்தாள் திருத்தப் போவதற்கு முன் பதிவு எண் உள்ள பகுதியைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போடுகிறார்கள். அந்த எண்ணில் கல்லூரியும் இல்லை, ஆளும் இல்லை. தேவையானவர் மட்டும் பட்டியலைப் பார்த்து மீண்டும் பொருத்திக்கொள்ளலாம். பொருளற்ற எண்ணின் பயனை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதே கட்டடத்தில் அடுத்த அறையில் கணக்கு திறக்கும்போது மட்டும் கல்லூரியும் பிராஞ்சும் வருடமும் வெளியே தெரியும்படி வைக்கிறோம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு நடுவழி. ஒருவரின் முதலெழுத்துகள், அதன் பின்னால் ஒரு சிறு எண். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. மாணவரோ ஆசிரியரோ துப்புரவுப் பணியாளரோ, வடிவம் ஒன்றுதான். ஒருமுறை ஒருவருக்குக் கொடுத்தது வேறு எவருக்கும் ஒருபோதும் போகாது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகமும் கார்னெலும் கிட்டத்தட்ட இதையே செய்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் முதலெழுத்தையும் விட்டுவிட்டு, 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் என்று வைத்திருக்கிறது.

மறுபடியும் கொடுக்கக் கூடாது என்ற விதியை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். படித்து முடித்துப் போன ஒரு மாணவரின் யூசர்நேமை, காலியாகத்தானே இருக்கிறது என்று, அதே பெயரும் தலைப்பெழுத்தும் கொண்ட புது மாணவருக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு கம்பெனியிலிருந்து பழையவருக்கு வந்த நேர்காணல் அழைப்பு புதியவரின் பெட்டியில் விழுந்தது. புதியவர் நல்ல பிள்ளை. இரண்டு வாரம் கழித்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அதற்குள் தேதி போய்விட்டது. பழையவருக்கு போன் செய்து சொல்ல வேண்டிய நிலை வந்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை. பெரிய நிறுவனங்களும் இதே தவறைச் செய்திருக்கின்றன. 2013-ல் யாகூ, நெடுநாள் பயன்படுத்தாத பெயர்களைப் புதியவர்களுக்குக் கொடுத்தது. பழைய சொந்தக்காரர்களின் தனிப்பட்ட அஞ்சல்கள் முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சேர்ந்தன.

கிராமத்துக் கர்ணத்திடம் இதைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். நிலத்துக்கு இரண்டு எண் உண்டு. புல எண் மண்ணோடு ஒட்டியது. அப்பன் விற்றாலும் மகன் வாங்கினாலும் மாறாது. பாகம் பிரித்தால் 45/2 என்பது 45/2ஏ, 45/2பி என்று உட்பிரிவாகும், பழைய எண்ணை வேறு காட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். பட்டா அப்படியல்ல. அதில் பெயர் இருக்கும், பெயர் மாறும், மாற்றலுக்கு மனுப் போடலாம். கணினியின் உள்ளேயும் இதே அமைப்புதான் இருக்கிறது. யூனிக்ஸில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் உண்டு, கோப்புகள் எல்லாம் அந்த எண்ணின் பேரில்தான் இருக்கும். யூசர்நேம் அதன் மேல் ஒட்டிய சீட்டு. விண்டோஸ் வலையமைப்பிலும் அப்படியே. ஆகவே பெயரா எண்ணா என்ற கேள்வியே பாதி தவறு. கணக்கு புல எண்ணைப் போல இருக்க வேண்டும், திரையில் தெரியும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பட்டாவைப் போல மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் இவ்வளவு தொல்லையும்.

எனவே எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகமோ கல்லூரியோ என்னிடம் கேட்டால் நான் சொல்வது இது. லாகினுக்குப் பொருளற்ற இரண்டு ஆங்கில எழுத்து, ஐந்து இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளில் ஐ, எல், ஓ மூன்றையும் விட்டுவிட வேண்டும். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும். மீதி 23 எழுத்தை வைத்தே 5 கோடியே 29 லட்சம் கணக்கு திறக்கலாம். யாருடையதையும் திரும்ப எடுக்கத் தேவை வராது. சரிபார்ப்பு இலக்கம் என்பது மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969-ல் வெளியிட்ட முறையில், ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும், பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கத்தை மாற்றித் தட்டினாலும் உடனே தெரிந்துவிடும். ஆதாரின் கடைசி இலக்கம் அதுதான். பிரவுசிங் சென்டரில் அப்பா வாசிக்க மகள் தட்டும் வீட்டுக்கு, 'தவறான பாஸ்வேர்டு' என்று பொத்தாம்பொதுவாக வரும் செய்தியை விட, 'எண்ணை மீண்டும் பாருங்கள்' என்று வருவது எவ்வளவு உதவி!

பதிவு எண் இல்லாமல் இன்டர்னல் மார்க் எப்படி ஏற்றுவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். பதிவு எண் எங்கேயும் போகாது. தரவுத்தளத்தில் அது ஒரு பத்தியாக இருக்கும், பட்டியலை அதன்படி வரிசைப்படுத்திக்கொள்ளலாம். லாகினாக மட்டும் இருக்காது. பள்ளிக் கல்வியில் எமிஸ் எண் பிள்ளை பள்ளி மாறினாலும் கூடவே போகிறது. வகுப்பு ரோல் நம்பர் ஆண்டுதோறும் மாறுகிறது. ஆசிரியர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

முகவரிப் பெயரை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். தன் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பது அவரவர் உரிமை. தலைப்பெழுத்து வேண்டுமென்றால் போடட்டும், அப்பா பெயரா அம்மா பெயரா என்பதும் அவர் விருப்பம். மா. மணிகண்டன் 'மாமணிகண்டன்' என்று வைத்துக்கொள்ளலாம், மு. மணிகண்டன் 'முமணிகண்டன்' என்று; தமிழ்த் தலைப்பெழுத்தின் ஒலியை அப்படியே ஆங்கிலத்தில் எழுத எந்த மென்பொருளும் தடை சொல்லவில்லை. எங்கள் மணிகண்டன்கள் தங்களுக்குள் கண்டுபிடித்த வழி வேறு. போனில் அவர்கள் பெயர் வீரகனூர் மணி, தம்மம்பட்டி மணி, கூடமலை மணி. ஊர்ப்பெயரை முன்னால் வைப்பது நம் பழைய வழக்கம், அதுவும் நல்ல முகவரிதான். பிறகு பெயர் மாறினால் புது முகவரி கொடுத்துவிட்டு, பழையதற்கு வரும் அஞ்சலையும் அதே பெட்டிக்குத் திருப்பிவிடலாம்.

தமிழ் எழுத்திலேயே லாகின் வைக்கலாமா? மின்னஞ்சல் முகவரியில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளுக்கு 2012-லேயே சர்வதேச நெறிமுறை வந்துவிட்டது. யூசர்நேம்களுக்கும் தனியாக ஒன்று உண்டு. எனக்கும் ஆசை உண்டு. ஆனால் தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை பல. ஔவை என்ற பெயரின் முதலெழுத்தை ஒற்றை எழுத்தாகவும் தட்டலாம், ஒகரமும் ளகரமும் சேர்த்தும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு பெயர். தமிழ் எண்ணில் ஒன்று ககரம் போலவும், எட்டு அகரம் போலவும், ஏழு எகரம் போலவும் இருக்கின்றன. ஒருவர் பெயரைப் போலவே தோன்றும் இன்னொரு பெயரை ஏமாற்றுக்காரன் உண்டாக்க முடியும். லேபில் உள்ள விசைப்பலகைகளில் தமிழ் எழுத்தும் அச்சிட்டிருப்பதில்லை. ஆகவே தட்டி உள்ளே போவது எண்ணாக இருக்கட்டும். உள்ளே போனதும் திரையில் வரும் பெயர் தமிழில், மாணவர் எழுதிக்கொடுத்தபடி, தலைப்பெழுத்தோடு வரட்டும். அதற்கு இன்று எந்தத் தடையும் இல்லை. அரசாணையும் அதைத்தான் கேட்கிறது.

பதவிக்கான முகவரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல்வர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர், விடுதிக் காப்பாளர், புகார்க் குழு ஆகியோருக்குப் பதவியின் பேரிலேயே முகவரி வேண்டும். இணையத்தின் பொது முகவரிகளுக்கு 1997-லேயே விதி எழுதிவைத்திருக்கிறார்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் முதல்வரின் சொந்த ஜிமெயில்தான் கல்லூரியின் முகவரி. அவர் மாற்றலாகிப் போனதும் கல்லூரிக்கு வரும் கடிதமும் அவரோடு போய்விடுகிறது. இந்தப் பெயர்களை மாணவர் எவரும் எடுத்துவிடாதபடி முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.

கணக்கை எப்போது மூடுவது என்பதும் இந்தக் கேள்வியின் பகுதிதான். கடைசி செமஸ்டர் முடிந்த மறுமாதமே மூடிவிடும் இடங்கள் இருக்கின்றன. அரியர் வைத்த பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணத் தேதியும், ஹால் டிக்கெட் வந்த செய்தியும் அந்த முகவரிக்குத்தான் போகும். அவன் அதற்குள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருப்பான். நோட்டீஸ் போர்டைப் பார்க்க அங்கிருந்து வரப்போவதில்லை. வகுப்பு முடிந்தவுடன் பார்க்காமல், பட்டச் சான்றிதழ் கைக்குப் போன தேதியிலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டு என்று கணக்கு வைத்தால் போதும். அதற்குப் பிறகு அஞ்சல் பெட்டியை மூடலாம். எண்ணை மட்டும், புல எண்ணைப் போல, அவன் பேரிலேயே விட்டுவிட வேண்டும்.